டிஸ்க் எப்ப வீசினாலும் இடது பக்கமே போகுது, உதவி பண்ணுங்க

புதுத்தட்டு:
டிஸ்க் கோல்ஃப் (தட்டை வீசி சங்கிலிக் கூடையில போடுற ஆட்டம்) இப்பதான் ஆரம்பிச்சிருக்கேன். எப்படி வீசினாலும் இடது பக்கம் போய் மரத்துல அடிக்குது. சனிக்கிழமை ஆபீஸ் ஆளுங்களோட ஆடணும். அதுக்குள்ள எப்படி சரி பண்றது? வீடியோ லிங்க் வேணாம், நிறைய பாத்தாச்சு.

சங்கிலிச்சத்தம்:
எந்தக் கை? பேக்ஹேண்டா (உடம்புக்குக் குறுக்க இழுத்து வீசுறது), ஃபோர்ஹேண்டா (வீசுற கைப் பக்கத்துல இருந்தே வீசுறது)? என்ன டிஸ்க்? எவ்வளவு தூரம் போகுது? இதெல்லாம் சொல்லாம யாரும் எதுவும் சொல்ல முடியாதுங்க.

ஏரிக்கரை:
வெயிட்டும் சொல்லுங்க. திருப்பிப் பாத்தா அடியில பேனாவுல எழுதியிருக்கும்.

புதுத்தட்டு:
வலது கைதான், எல்லாரும் வீசுற மாதிரி. ஆரஞ்சு கலர் டிஸ்க். நல்லா தூரம் போகும்னு கடையில கொடுத்தாங்க.

சங்கிலிச்சத்தம்:
கலரை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது நண்பா. மேல வரிசையா நாலு நம்பர் இருக்கும், அதைப் போடுங்க. "எல்லாரும் வீசுற மாதிரி"ன்னா பேக்ஹேண்ட்னு எடுத்துக்கலாமா?

புதுத்தட்டு:
ஆமா பேக்ஹேண்ட். 12 5 -1 3. அடியில 175.

ஏரிக்கரை:
அவ்வளவுதான், விஷயம் தெரிஞ்சுபோச்சு. டெஸ்ட்ராயர் மாதிரி டிஸ்க்கோட நம்பர் இது. ஸ்பீடு 12, கிளைடு (காத்துல மிதக்கிறது) 5, டர்ன் (வேகமாப் போறப்ப வலது பக்கம் சாயறது) -1, ஃபேட் (கடைசியில வேகம் குறையறப்ப வளையறது) 3. ஸ்பீடு 12-ன்னா டிஸ்க் தானா வேகமாப் போகும்னு அர்த்தம் இல்ல. அவ்வளவு வேகத்துல கையை விட்டுப் போனாத்தான் அது ஒழுங்காப் பறக்கும்னு அர்த்தம். 350 அடிக்கு மேல வீசுறவங்களுக்கான டிஸ்க். ஆரம்பத்துல 150, 200 அடி வீசுற கையில, அந்த -1 வேலையே செய்யாது, கடைசி 3 மட்டும்தான் தெரியும். வலது கை பேக்ஹேண்டுக்கு ஃபேட்னா இடது பக்கம். அதை வீட்டுல வச்சுட்டு லெபர்ட் (6 5 -2 1) ஒண்ணு, ஏவியார்ங்கிற புட்டர் (கிட்டத்துல கூடைக்கு வீசுற டிஸ்க், 2 3 0 1) ஒண்ணு வாங்குங்க. டிஎக்ஸ்ங்கிற சாதா பிளாஸ்டிக் போதும், விலையும் கம்மி, பிடியும் நல்லா இருக்கும். வெயிட் 165 பக்கம்.

ஹோல்_18:
இதே கேள்வியை இங்க எத்தனை தடவைதான் பாக்கிறது. மேல ஒட்டி வச்சிருக்கிற இழையை யாரும் படிக்கிறதில்ல. வலது கை பேக்ஹேண்ட்ல டிஸ்க் மேலிருந்து பாத்தா கடிகார திசையில சுத்தும். வேகமாப் போறப்ப தூக்குவிசையோட மையம் டிஸ்க்கோட நடுவுக்குப் பின்னால இருக்கும், அதனால வலது பக்கம் சாயும். வேகம் குறையக் குறைய அந்த மையம் முன்னால வரும், இடது பக்கம் சாயும். பம்பரத்தோட அதே இயற்பியல். இது புரியாம டிஸ்க் வாங்கி என்ன பண்ணப் போறீங்க?

சங்கிலிச்சத்தம்:
பம்பரம் இருக்கட்டும் சார், அவருக்கு சனிக்கிழமை ஆட்டம்.

மணிக்கட்டு:
டிஸ்க் மேல மட்டும் பழியைப் போடாதீங்க. புதுசா வீசுறவங்கள்ல பாதிப் பேருக்குப் பிரச்சினை மூக்குதான். டிஸ்க்கோட முன் விளிம்பு தூக்கிக்கிட்டுப் போனா ஸ்பீடு 2 டிஸ்க்கும் ஏறி, நின்னு, இடது பக்கம் சரியும். லெபர்ட் வாங்கினாலும் அதே கதைதான். புதுத்தட்டு, இது ஒண்ணு மட்டும் பாத்துச் சொல்லுங்க. கையை விட்டுப் போறப்பவே இடது பக்கம் போகுதா? நேராக் கிளம்பி, ஏறாம, பாதியில வளையுதா? இல்ல மேல ஏறி, ஒரு நொடி நின்ன மாதிரி இருந்துட்டு விழுதா? மூணும் வேற வேற வியாதி.

ஃபியோர்ட்காத்து:
நான் நோர்வேயில இருந்து. மணிக்கட்டு சொல்றது சரி, ஆனா முதல்ல காலைப் பாருங்கோ. ஓடி வந்து எறியிறீங்களோ, நிண்டு எறியிறீங்களோ? ஓடி வந்து விடேக்க பாரம் பின்காலில தங்கினா தோள் பின்னுக்குச் சாயும், டிஸ்க் மேலுக்குத்தான் போகும். எக்ஸ்-ஸ்டெப் (காலைக் குறுக்க வச்சு வாற ஓட்டம்) எல்லாம் பிறகு பழகலாம். நிண்ட இடத்தில இருந்து எறிஞ்சு, முடிக்கேக்க பாரம் முழுக்க முன்காலில நிக்குதோ எண்டு வடிவாப் பாருங்கோ.

காஜூகாடு:
இவ்வளவு எதுக்கு? ஃபோர்ஹேண்ட் வீசச் சொல்லுங்க, வலது பக்கம் போகும். கிரிக்கெட் ஆடின கைக்கு ஃபோர்ஹேண்ட் தானா வரும்.

ஹோல்_18:
தானா வராது, தானா தள்ளாடும். கிரிக்கெட்ல பந்து வீசுறது வேற. ஃபோர்ஹேண்ட்ல மணிக்கட்டைப் புரட்டினா டிஸ்க் ஆடிக்கிட்டே போகும். டெஸ்ட்ராயர் மாதிரி முரட்டு டிஸ்க் அந்தத் தள்ளாட்டத்தை மறைச்சிடும், லெபர்ட் காட்டிக் கொடுத்துடும். அதனாலதான் ஃபோர்ஹேண்ட் ஆளுங்க எப்பவும் ஓவர்ஸ்டேபிள் (ஃபேட் ஜாஸ்தியான) டிஸ்க்கைக் கட்டிக்கிட்டு அழுறாங்க.

காஜூகாடு:
நீங்க ஃபோர்ஹேண்ட் வராததால சொல்றீங்க. உள்ளங்கை மேல பாக்க, ரெண்டு விரல் உள்விளிம்புல, முழங்கை இடுப்புப் பக்கம். இதுல என்ன கஷ்டம்? அமெரிக்காவுல சார்லட் பக்கம் பைன் காட்டுக்குள்ள வலது பக்கம் வளையுற ஹோல் எத்தனை இருக்கு? அங்க பேக்ஹேண்டை மட்டும் வச்சு என்ன பண்ணுவீங்க?

ஹோல்_18:
ஆன்ஹைசர்னு ஒண்ணு இருக்கு. வெளி விளிம்பைத் தூக்கி விட்டா பேக்ஹேண்டும் வலது போகும்.

காஜூகாடு:
புதுசா வர்றவருக்கு ஆன்ஹைசரா, நல்லாத்தான் இருக்கு. ஒண்ணு வலது போகும், அடுத்தது தரையில உருளும்.

ஃபியோர்ட்காத்து:
ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கோ. ஃபோர்ஹேண்ட் பழகிறது நல்லம்தான். ஆனா சூடு ஏத்தாம 175 கிராம் டிரைவரை (தூரத்துக்கு எறியிற டிஸ்க்) முழுப்பலத்தில எறிஞ்சா முழங்கை போயிடும். சனிக்கிழமைக்கு முதல் தொடங்கிற வேலை இல்ல அது.

சங்கிலிச்சத்தம்:
கேள்வி கேட்டவர் எங்க?

புதுத்தட்டு:
மீட்டிங்ல இருந்தேன். மேல ஏறி நின்னுட்டுத்தான் விழுது. ஆமா, ஓடி வந்துதான் வீசறேன்.

மணிக்கட்டு:
அப்ப மூக்குதான். இன்னைக்கு சாயங்காலம் இதைப் பண்ணுங்க. கடன் வாங்கியாவது ஒரு புட்டர் எடுத்துக்கோங்க. 150 அடி தள்ளி ஒரு மரம். நின்ன இடத்துல இருந்து, பாதி பலம்.
பிடி: நாலு விரல் நுனியும் உள்விளிம்புல மடங்கணும், கட்டைவிரல் மேல, விளிம்பை ஒட்டி. டிஸ்க் முன்னங்கையோட நேர்கோட்டுல இருக்கணும். கூஜாவைச் சாய்ச்சுத் தண்ணி ஊத்தறப்ப மணிக்கட்டு கீழ இறங்குமே, அந்த அளவு இறக்கி, அதை மாத்தாம வீசுங்க. மேல் நோக்கி மடக்கினீங்கன்னா மூக்கு தூக்கிடும்.
இழுப்பு: நெஞ்சு உயரத்துல ஒரே கோடா. இடுப்புல ஆரம்பிச்சு தோள்ல முடியக்கூடாது. நிறைய பேருக்கு அங்கதான் கோளாறு, உயரமா விட்டா தூரம் போகும்னு நினைச்சு கீழிருந்து மேல இழுப்பாங்க. கையை உடம்புக்குப் பின்னால சுத்திக் கொண்டுபோகவும் கூடாது. அப்படிப் போனா கை வட்டமடிக்கும், விடுற நேரம் தப்பும். சீக்கிரம் விட்டா இடது, லேட்டா விட்டா வலது.
புட்டர் தலை உயரத்துல, ஆடாம, மரம் வரைக்கும் போச்சுன்னா மூக்கு சரியாயிடுச்சு. அப்புறம் லெபர்ட்.

ஏரிக்கரை:
எதிர்காத்துல சோதிச்சுப் பாக்காதீங்க. எதிர்காத்துல மூக்கு கொஞ்சம் தூக்கினாலும் டிஸ்க் மேல எகிறிடும், மூக்கு சரியா இருந்தா வழக்கத்தைவிட வலது பக்கம் சாயும். ரெண்டும் கலந்து வந்தா எதை நம்பறதுன்னு தெரியாது.
அப்புறம், சனிக்கிழமை எந்த கோர்ஸ்?

புதுத்தட்டு:
ராக் ஹில்ல வின்த்ராப் யுனிவர்சிட்டின்னு சொன்னாங்க.

ஹோல்_18:
1999-லிருந்து அமெரிக்க சாம்பியன்ஷிப் நடக்கிற இடம். உங்க ஆபீஸ்ல யாருக்கோ ரொம்ப ஆசை.

சங்கிலிச்சத்தம்:
பயப்படாதீங்க. ஏரி ஓரம் வர்ற ஹோல்ல டிரைவரை எடுக்காதீங்க, புட்டராலேயே ரெண்டு தடவையா வீசிப் போங்க. தண்ணியில போனா ஒரு பெனால்டி, டிஸ்க்கும் போச்சு. அடியில பேரும் போன் நம்பரும் எழுதி வைங்க.
பட் (கிட்டத்துல இருந்து கூடைக்கு வீசுறது) போடுறப்ப ஒரு விதி. பாஸ்கெட்லேருந்து 10 மீட்டருக்குள்ள, அதாவது 33 அடிக்குள்ள, வீசின பிறகு நிலையா நின்னு காட்டிட்டுத்தான் மார்க்கரை (டிஸ்க் விழுந்த இடத்தோட அடையாளம்) தாண்டணும். வீசின வேகத்துல முன்னால விழக்கூடாது.

காஜூகாடு:
ஆபீஸ் ஆட்டத்துல யாரு அதெல்லாம் பாக்கப் போறா?

ஹோல்_18:
இப்படித்தான் ஃபோர்ஹேண்டும் பழகியிருப்பீங்க.

புதுத்தட்டு:
புட்டர் மரம் வரைக்கும் நேராப் போச்சு. பத்துல ஏழு. நன்றி மணிக்கட்டு சார். லெபர்ட் 167 கிராம்தான் கடையில இருக்கு, பரவாயில்லையா?

ஏரிக்கரை:
தாராளமா வாங்குங்க. ஆரஞ்சை பேக்ல எடுத்துக்கிட்டே போகாதீங்க, எடுத்துக்கிட்டுப் போனா வீசத் தோணும்.