பச்சை மையைப் பரிசாகக் கொடுத்தவர்கள், வாங்கியவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

தாமிரபரணிக்கரை மகள்

ஆறு வருடத்துக்கு மேலாகிவிட்டது, இன்னும் மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது. அப்பா அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர். 2019 மே மாதம் ஓய்வு பெற்றார். அப்போது ஓய்வு வயது 58 தானே. சால்வைகளும் கைக்கடிகாரமும் வெள்ளிக் குத்துவிளக்கும் குவிந்துவிட்டன. நான் மட்டும் கொடுக்கிற பொருள் அவருடையதாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

அவர் மேசையில், அதிகாரிகள் சான்றுக் கையெழுத்துப் போடும் பச்சை மைப்புட்டி இல்லாத நாளை நான் பார்த்ததில்லை. சான்றிதழ் நகலோடு ஊரில் யார் வீட்டுக்கு வந்தாலும், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். அதனால் திருவள்ளூரில் கடைந்த எபோனைட் (கெட்டி ரப்பர்) பேனா ஒன்றும், பைலட் நிறுவனத்தின் இரோஷிசுகு வரிசையில் ஷின்ரியோகு என்ற மையின் 50 மில்லி புட்டியும் வாங்கினேன். நீலம் கலந்த அடர்ந்த பச்சை. கடைகளில் கிடைக்கும் கிளிப்பச்சை இல்லை. அந்தப் புட்டியின் அடியில் ஒரு குழி இருக்கும், கடைசிச் சொட்டையும் பேனா உறிஞ்சுவதற்காக. அப்பாவுக்கு அது பிடிக்கும் என்று நிச்சயமாக நம்பினேன்.

மறுநாள் காலையில் கொடுத்தேன். திறந்தார், முகர்ந்தார், ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு மூடியைத் திருகினார். மெதுவாக, அளவுக்கு மேல் இறுக்கித் திருகினார். “பதவியில் இல்லாதவன் பச்சையில் எழுதலாமா அம்மா?” என்றார். புட்டியைப் பீரோவின் மேல் வைத்துவிட்டு, செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

மூடியைத் திருகிய அந்த விரல்கள்தான் கண்ணில் நிற்கின்றன. நான் அவரைக் காயப்படுத்திவிட்டேனா?

வைகை வடகரை

சகோதரி, பச்சை மை என்றதும் எனக்கு நினைவு வருவது ஒரு அரசு மருத்துவர். 1994, கல்லூரி விண்ணப்பத்துக்கு மூன்று நகல்களில் சான்றொப்பம், அதாவது நகல் அசலோடு ஒத்தது என்று அரசு அதிகாரியின் கையெழுத்து வேண்டும். எங்கள் ஊரில் பச்சை மையில் கையெழுத்துப் போடக்கூடியவர் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் ஒருவர்தான். காய்ச்சல்காரர்கள் வரிசையில் நானும் நின்றேன்.

அவருடைய பேனா ஓடவில்லை. உதறினார். ஒரு சொட்டு என் பத்தாம் வகுப்பு அசல் மதிப்பெண் சான்றிதழில் விழுந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. அவர் ஒன்றும் பேசவில்லை. பக்கத்துத் தட்டிலிருந்து பஞ்சை எடுத்தார். தேய்க்காமல், புண்ணைத் துடைப்பதுபோல ஒற்றி ஒற்றி எடுத்தார். பிறகு மூன்று நகல்களிலும் கையெழுத்திட்டு, முத்திரை குத்தி, அசலை இரண்டு கையாலும் பிடித்து என்னிடம் கொடுத்தார். கணித மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் மிளகளவு பச்சைப் புள்ளி இன்றும் இருக்கிறது.

என் தம்பி அரசு மருத்துவரானபோது அதே நிறத்தைத் தேடி வாங்கிக் கொடுத்தேன். அவன் ஜெல் பேனாக்காரன், புட்டி அப்படியே வற்றிப்போனது. அதில் எனக்கு வருத்தமில்லை. அந்த மருத்துவருக்கு நான் ஒரு புட்டி வாங்கிக் கொடுக்கவில்லை, அதுதான் உறுத்துகிறது. கல்லூரியில் இடம் கிடைத்ததைச் சொல்லப் போனபோது அவர் மாற்றலாகிப் போய்விட்டிருந்தார்.

எபோனைட் பிரியர்

தாமிரபரணி சகோதரிக்கு: உங்கள் அப்பா நினைத்ததுபோல் எந்தத் தடையும் இல்லை. மத்திய அரசின் அலுவலக நடைமுறைக் கையேடு, கோப்புகளில் பச்சையும் சிவப்பும் இணைச் செயலாளர் நிலையிலும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கே, அதுவும் அரிதாகத்தான் என்கிறது. அது கோப்புக்கான விதி. வீட்டில் கடிதம் எழுதுகிறவரை அது கட்டுப்படுத்தாது. சான்றொப்பமே இப்போது குறைந்துவிட்டது. 2014-இலேயே மத்திய அரசு, நகலில் நாமே கையெழுத்திடும் சுயசான்றொப்பம் போதும் என்று துறைகளை வலியுறுத்தியது. 1909-இல் தொடங்கிய பிரிட்டன் வெளிநாட்டு உளவுத்துறையின் முதல் தலைவர் கம்மிங் பச்சை மையில் ‘சி’ என்று ஒப்பமிட்டார், அவருக்குப் பின் வந்த தலைவர்களும் அதையே தொடர்கிறார்கள். அதெல்லாம் மரபு, சட்டம் இல்லை.

என் அனுபவம் சிறியது. மாமனாருக்குத் தங்கத்துகள் மின்னும் பச்சை மை ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அவர் அதை 40 வருடப் பழைய பேனாவில் ஊற்றினார். இரண்டே வாரத்தில் அடைத்துக்கொண்டது. பேனாவைத் திருப்பித் தந்தபோது அவர் முகத்தை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆகவே பச்சை வாங்கப் போகிறவர்கள் கவனியுங்கள். முதலில் பெறுகிறவர் எந்தப் பேனாவில் எழுதுகிறார், எந்தத் தாளில் எழுதுகிறார் என்று விசாரியுங்கள். நிறம் அதற்குப் பிறகுதான். நம்மூர்ச் சாதாரண நோட்டுத் தாளில் ஈரமாக ஓடும் மை நூல் நூலாகக் கசிந்து எழுத்தையே கெடுத்துவிடும். பெலிகன் 4001 போன்ற வறண்ட மைகள் அந்தத் தாளில் அடக்கமாக நிற்கும். வயதானவர்களுக்கு வெளிர் பச்சை வேண்டாம். விளக்கு வெளிச்சத்தில் அவர்களுக்கு எழுத்துத் தெரியாது. 1864-இல் தொடங்கிய, இப்போது லிவர்பூலில் இருக்கும் டயமைன் நிறுவனத்தின் ஷெர்வுட் கிரீன் நல்ல அடர்த்தி. 30 மில்லி புட்டியும் உண்டு, பிடிக்குமா என்று தெரியாத இடத்தில் சிறிய புட்டியே மரியாதை. எர்பின் நிறுவனத்தின் எமரால்ட் ஆஃப் சிவோர் அழகுதான், ஆனால் பெயரில் மரகதம் இருக்கிறதே என்று நம்பி வாங்காதீர்கள். மயில் கழுத்து நிறம், உள்ளே தங்கத்துகள். பழைய பேனாவுக்கு ஆகவே ஆகாது.

பேனாவில் ஏற்கெனவே வேறு மை இருந்தால் அதைக் கொட்டிவிட்டு, தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவிய பிறகுதான் பச்சையை ஊற்ற வேண்டும். வெந்நீர் வேண்டாம், எபோனைட் நிறம் மங்கிவிடும். இவற்றையெல்லாம் ஒரு துண்டுத் தாளில் எழுதிப் புட்டியோடு சேர்த்துக் கொடுத்தால் நல்லது.

கொள்ளிடக்கரை ஆசிரியை

எபோனைட் பிரியர் அவர்களே, அந்தச் சகோதரி கேட்டது விதியை அல்ல. பல வருடம் ஒரு நிறத்தோடு வாழ்ந்த மனிதருக்கு “உங்களைக் கட்டுப்படுத்தாது” என்று கையேட்டைக் காட்டி என்ன பயன்?

என்னுடையது வேறு கதை. ஏழாம் வகுப்பில் மாமா கொடுத்த பச்சை மையால் மாதத்தேர்வு எழுதினேன். தமிழ் ஐயா தாளைத் திருத்தவே இல்லை. நீலத்தில் முழுவதையும் மறுபடி எழுதி வரச்சொன்னார். விடைத்தாளில் நீலமோ கறுப்போதான் என்று எனக்குத் தெரியாது. மாமாவுக்கும் தெரியாது. 11 பக்கம். இரவு மாமா பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டே இருந்தார். இன்று நானும் ஆசிரியை. பச்சையில் எழுதிவரும் குழந்தையைப் பார்த்தால், கொடுத்தது யார் என்று முதலில் கேட்பேன்.

வேளச்சேரிவாசி

மை ஊறும், அடைக்கும் என்று இவ்வளவு எழுதிய எபோனைட் பிரியர் முக்கியமானதை விட்டுவிட்டார். தண்ணீர்!

கவிதை எழுதும் தோழி ஒருத்தி. சிலி நாட்டுக் கவிஞர் நெருடா பச்சை மையில்தான் எழுதுவார் என்று படித்துவிட்டு அவளுக்குப் பச்சை மை பரிசளித்தேன். அன்றிலிருந்து எனக்கு வந்த கடிதமெல்லாம் பச்சை. ஒரு தகரப் பெட்டி நிறைய. 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தரைத்தளத்தில் இடுப்பளவு தண்ணீர். மூன்றாம் நாள் பெட்டியைத் திறந்தேன். தாள்கள் இருந்தன. எழுத்து ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு தாளிலும் ஓரமாக ஒரு மஞ்சள் கறை, அதிலிருந்து தள்ளி ஒரு நீலக் கறை. பச்சையே இரண்டாகப் பிரிந்து போயிருந்தது. அவள் என்ன எழுதியிருந்தாள் என்று எனக்கு முக்கால்வாசி மனப்பாடம், கால்வாசி போய்விட்டது. அவளிடம் இதுவரை சொல்லவில்லை. இன்னும் பச்சையில்தான் எழுதுகிறாள். வருகிற அன்றே ஒளிநகல் எடுத்துவிடுகிறேன்.

எபோனைட் பிரியர்

வேளச்சேரிவாசி சொல்வது சரி, விட்டது என் தவறு. சாதாரணப் பச்சை மை பெரும்பாலும் நீலச் சாயமும் மஞ்சள் சாயமும் கலந்தது. இரண்டும் தண்ணீரில் கரையும், தாளில் ஓடும் வேகம்தான் வேறு. அதனால்தான் பிரிந்திருக்கிறது. கடிதத்துக்கும் நாட்குறிப்புக்கும் நிறமித்துகள் கலந்த, நீரில் அழியாத பச்சை வாங்குங்கள். ஆனால் அதைப் பேனாவில் காயவிடக் கூடாது, தினமும் எழுதுகிறவருக்கு மட்டும் கொடுங்கள். கொள்ளிடக்கரை ஆசிரியை சொன்னதையும் ஏற்கிறேன். கையேட்டை இழுத்திருக்கக் கூடாது.

தாமிரபரணிக்கரை மகள்

எல்லோருக்கும் நன்றி. எழுதிய பிறகு ஒன்று நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். பீரோவின் மேல் புட்டி இல்லை. அப்பாவிடம் கேட்கத் தைரியம் வரவில்லை. மாலையில் சித்தி மகள் தன் பையனின் படிப்புச் சான்றிதழைக் காட்ட வந்தாள். அப்பா வேலை பார்த்த அதே பள்ளி. ஆண்டு வாரியாக இரண்டு சான்றிதழ்கள். 2019-இல் வாங்கிய பழையதைப் புரட்டினேன். தலைமையாசிரியர் கையெழுத்துப் பச்சையில் இருந்தது. அது கிளிப்பச்சை இல்லை. ஜன்னல் அருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். கோடு முடியும் இடத்தில் நீலமாக அடர்ந்திருந்தது. அந்த நிறம் எனக்குத் தெரியும், மூன்று நாள் தேடி வாங்கியது.

அம்மாதான் சொன்னார். அப்பாவுக்குப் பின் வந்த தலைமையாசிரியை அவரிடம் படித்தவராம். பொறுப்பேற்ற வாரமே ஆசி வாங்க வீட்டுக்கு வந்திருக்கிறார். அப்பா பீரோவின் மேலிருந்து புட்டியை எடுத்து, மூடியைத் தானே தளர்த்திக் கொடுத்து, “முதல் கையெழுத்தை இதில் போடு” என்றாராம்.

பேனாவைக் கொடுக்கவில்லை. அது அவர் சட்டைப்பையில் இருக்கிறது. கறுப்பு மை ஊற்றிப் பால்கணக்கு எழுதுகிறார்.

எபோனைட் பிரியர் ஐயா, நல்ல கறுப்பு ஒன்று சொல்லுங்கள். தாள் சாதாரண நோட்டுத் தாள்தான்.