நகராட்சித் தீர்மானத்தை எதிர்த்து ஹைகோர்ட் போனவர்கள் இருக்கிறீர்களா?

புளியமரத்து வீடு, கிருஷ்ணகிரி
எங்கள் லேஅவுட்டில் பூங்காவுக்கு விட்ட இடத்தில் மண்டபம் கட்டத் தீர்மானம் போட்டு அனுமதியும் கொடுத்துவிட்டார்கள். ஹைகோர்ட்டில் ரிட் (அரசு அமைப்பின் முடிவை எதிர்க்கும் மனு) போட்டோம். ராத்திரி பஸ் ஏறிப் போய் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தால், எங்கள் நம்பர் வந்து இரண்டு நிமிஷம்கூட நிற்கவில்லை. நகராட்சிக்கு நாங்கள் கொடுத்த மனுவைப் பரிசீலித்து 12 வாரத்துக்குள் உத்தரவு போடுங்கள் என்றார் நீதிபதி, அவ்வளவுதான். வெளியே வந்து வக்கீல் கை கொடுத்தார், ஜெயித்துவிட்டோமாம். அப்புறம் நகராட்சியின் பரிசீலனையும் வந்தது. ஒரே பக்கம், பழைய தீர்மானத்தின் அதே வாசகம், அதிலிருந்த எழுத்துப்பிழைகூட அப்படியே. தேதி மட்டும் புதுசு.

ஓசூர் வாசி
அண்ணா, தப்பா நினைக்காதீங்க, பிரேயரே (கோர்ட்டில் கேட்ட கோரிக்கையே) தப்பு. மனுவைப் பரிசீலிக்கக் கேட்டால் பரிசீலனைதான் கிடைக்கும், தீர்மானத்தை ரத்து செய்யக் கேட்டிருக்கணும். கன்டெம்ப்ட் (கோர்ட் அவமதிப்பு வழக்கு) பக்கம் போகாதீங்க, ஏதோ ஒரு உத்தரவு போட்டாச்சே. காரணம் சொல்லாத அந்தப் புது உத்தரவை எதிர்த்துத் தனி ரிட் போடுங்க. அதுக்கு முன்னாடி ஆர்டிஐயில் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் வரைபடமும், பூங்காவை எழுதிக்கொடுத்த தான செட்டில்மென்ட் நகலும் வாங்குங்க. 10,000 சதுர மீட்டருக்கு மேல் போன லேஅவுட் என்றால் ரோடு போக 10 சதவீதம் திறந்தவெளி விட்டே ஆகணும், அதை எழுதிக் கொடுத்தபின் வேறு வேலைக்குத் திருப்ப நகராட்சிக்கு ஏது உரிமை? என் கதை சின்னது. பக்கத்து வீட்டுக்காரர் செட்பேக் (சுற்றிலும் விடவேண்டிய காலி இடம்) விடாமல் கட்டினார், 56-ஆவது பிரிவில் விதிமீறல் நோட்டீஸ் ஒட்டினார்கள், அரசுக்கு மேல்முறையீடு போட்டுவிட்டு நிம்மதியாகக் குடியிருக்கிறார்.

தருமபுரி கடைக்காரன்
எல்லாரும் எதிர்த்தவங்க கதையே சொல்றீங்க. நான் முறைப்படி பிளான் வாங்கி, கட்டணம் கட்டி, பில்லர் எழுப்பியபின் எதிர்வீட்டுக்காரர் ஸ்டே வாங்கிவிட்டார். கவுன்ட்டர் (பதில் மனு) போட நகராட்சிக்கு நேரமே வரவில்லை, வாய்தா மேல் வாய்தா. கம்பி துருப்பிடிக்குது. ஒருநாள் போய்ப் பார்த்தால் அந்தக் கம்பியிலேயே கொடி கட்டி அவர் வீட்டு லுங்கி காயுது! கேவியட் (என்னைக் கேட்காமல் ஸ்டே கொடுக்காதீங்க என்ற முன்மனு) போட்டிருக்கலாமே என்று யாரும் வராதீங்க.

புளியமரத்து வீடு, கிருஷ்ணகிரி
ஓசூர் தம்பி, ரத்து செய்யச் சொல்லியும்தான் கேட்டிருந்தோம். நீதிபதி முன்னால் நின்றதும் எங்கள் வக்கீலே "பரிசீலித்தால் போதும்" என்றுவிட்டார்.