இரண்டே மைக்கில் பதிவு செய்வது எப்படி?

பிரிட்டனின் டாக் டாக் (Talk Talk) இசைக்குழுவின் பாடகர் மார்க் ஹாலிஸ் நினைவிருக்கிறாரா? 1984-இல் சின்தசைசர் என்ற மின்னணு வாத்தியம் முழங்கப் பாடிய பாப் நட்சத்திரம், 1998-இல் வெளியிட்ட தனி ஆல்பத்தில் மின்சாரம் தொடாத வாத்தியங்களை மட்டுமே வைத்துக்கொண்டார். பாதி குரல், மீதி மூச்சு. நாற்காலி கிறீச்சிடுவதுகூடக் கேட்கிறது! முன்னால் இரண்டு மைக்குகள்தான். அவற்றை அசைக்காமல் வாத்தியங்களை இடம் மாற்றினார்களாம்.

அதேபோல் என் கிட்டாரையும் தங்கையின் புல்லாங்குழலையும் பதிய முயல்கிறேன். ஃபேனை நிறுத்திவிட்டு வியர்வையில் குளித்ததுதான் மிச்சம்; குழல் கிட்டாரை விழுங்கிவிடுகிறது. மைக்குகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி விடுவது? தங்கையை எத்தனை அடி தள்ளி உட்காரவைப்பது? பத்துக்குப் பன்னிரண்டு அறை, மொசைக் தரை. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.