முகிற்சேமிப்பகமா, முகில்வைப்பா?

அன்பர்களுக்கு வணக்கம்.

கணினித் தமிழ்ச் சொற்களில், வன்தட்டு (hard disk), விரலி (pen drive), திண்மநிலை இயக்கி (SSD) ஆகிய அனைத்தையும் 'சேமிப்பகம்' என்று வழங்கிக்கொண்டு, இணையத்தின் வழியே கோப்புகளை ஒப்படைக்கும் ஏற்பாட்டுக்கும் (cloud storage) 'முகிற்சேமிப்பகம்' என்று பெயரிடலாம் என்ற முன்மொழிவில் எனக்கு உடன்பாடில்லை. முன்னது கருவி, பின்னது சேவை. இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கினால் இந்த வேறுபாடு மறைந்துவிடும். கருவியைச் 'சேமிப்பி' என்றும் சேவையை 'முகில்வைப்பு' என்றும் வழங்கலாம் என்பது என் கருத்து.

1956இல் ஐபிஎம் கொண்டுவந்த முதல் வன்தட்டுக் கருவி, 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளில் ஏறத்தாழ 50 லட்சம் எழுத்துகளைத் தாங்கியது. இன்றைய 64 கிகாபைட் விரலியின் சிறு சில்லு அதைப்போலப் பல்லாயிரம் மடங்கு கொள்கிறது. தரவைப் பதிந்துவைப்பதில் காந்தப் பூச்சின் இடத்தை மின்னேற்றம் பிடித்திருக்கிறது. ஆயினும் இரண்டும் உடையவர் தம் அறையில் வைத்துப் பூட்டிக்கொள்ளத்தக்க கருவிகளே. செயலி, உலாவி, விரலி என்று 'இ' ஈறு நமக்குப் பழகிவிட்டதால், இவற்றுக்குப் பொதுப்பெயராகச் 'சேமிப்பி' என்பது போதும்.

முகிலின் பின்னால் சுழல்பவையும் பெரும்பாலும் வன்தட்டுகள்தாம் என்று நண்பர் ஒருவர் எழுதியது சரியே. ஆனால் தம் கோப்பு எந்தத் தட்டில் இருக்கிறது என்பது பயனருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை. 2006இல் அமேசான் தொடங்கிய எஸ்3 போன்ற சேவைகளில், நாம் தட்டை வாங்குவதில்லை; பயன்படுத்திய அளவுக்குக் கட்டணம் செலுத்துகிறோம், தட்டு பழுதானால் மாற்றுவதும் கோப்பின் படிகளைப் பல இடங்களில் பேணுவதும் அவர்கள் பொறுப்பு. பிறரிடம் ஒப்படைத்து, வேண்டும்போது கேட்டுப் பெறும் இச்செயலுக்குத் தமிழில் ஏற்கெனவே உள்ள சொல் 'வைப்பு'. பசித்தவர்க்கு உணவளிப்பதே செல்வம் பெற்றவனின் 'பொருள்வைப்புழி', அதாவது பொருளை வைக்கும் இடம், என்கிறது குறள் (226). அங்கும் வைக்கப்படும் இடம் தன் பெட்டியன்று, பிறர் வயிறு. வங்கி வைப்புநிதியோடு குழம்பும் என்பார்க்கு, 'சேமிப்பு' மட்டும் வங்கியில் வழங்காத சொல்லா என்று கேட்கத் தோன்றுகிறது. மேலும், வங்கி வைப்பின் இயல்பும் இதற்கு நெருக்கமானதே.

புணர்ச்சியிலும் ஒரு வசதி உண்டு. 'முகில்' என்று தேடுபவருக்கு 'முகிற்சேமிப்பகம்' அகப்படாது, லகரம் றகரமாகத் திரிந்துவிடுகிறது. 'முகில்வைப்பு' திரியாமல் நிற்கிறது.

பல கருவிகளில் ஒரே கோப்புகளை ஒன்றுபோல வைத்திருக்கும் ஒத்திசைவுக் கோப்புறையை (sync folder), சேமிப்பி, முகில்வைப்பு ஆகிய இரண்டில் எதில் சேர்ப்பது என்ற வினா நியாயமானது. மடிக்கணினியில் ஒரு படத்தை அழித்தால் கைப்பேசியிலும் அது மறைந்துவிடுகிறது. இழுப்பறையில் கிடக்கும் விரலியில் உள்ள படிக்கு அவ்வாறு நேர்வதில்லை. ஆகவே அக்கோப்புறையை 'ஒத்திசைவு' என்றே தனித்து நிறுத்தலாம். அதைக் காப்புநகல் (backup) என்று எழுதுவது பயனரைத் தவறாக வழிநடத்தும்.

செயலித் திரையின் பொத்தான்களில் எழுதிப் பார்த்தேன்: 'விரலியில் சேமி', 'முகிலில் வை'. இரண்டும் இடத்தில் அடங்குகின்றன. 'பதிவேற்று' ஊன்றிவிட்ட சொல். அதைத் தொட வேண்டியதில்லை.