உதவி: பதிமூன்று கண் பாலத்தின் பாதியில் கேமரா ஒரு முழுச் சுற்று சுற்றுகிறது (பிளெண்டர், பைத்தான்)

செங்கோட்டைத் தம்பி – வியாழன், இரவு 11.42

வணக்கம். அவசரம். ஞாயிறு சாயங்காலம் திரையில் ஓட்டியாக வேண்டும். செங்கோட்டை–புனலூர் ரயில் பாதையில் கேரளப் பக்கம் இருக்கும் கழுதுருட்டி பதிமூன்று கண் (வளைவு) பாலத்தை பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் செய்து முடித்துவிட்டேன். அதற்குள் கேமராவை பைத்தானில் ஸ்கிரிப்ட் (நிரல்) எழுதி நகர்த்துகிறேன். எல்லாம் நன்றாகப் போகிறது. பாலம் பாதி தாண்டியதும் கேமரா திடீரென்று ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டு மறுபடி சரியான பக்கம் பார்க்கிறது. வேகமும் ஒரே சீராக இல்லை. ஸ்கிரிப்டைப் பத்துத் தடவை படித்துவிட்டேன், தப்பு எதுவும் தெரியவில்லை. படம் இணைத்திருக்கிறேன்.

வாளையார் மணி – வியாழன், இரவு 11.58

தம்பி, படத்தில் ஸ்கிரிப்டின் மேல் பாதிதான் விழுந்திருக்கிறது. கீஃப்ரேம் (கேமராவின் இடமும் கோணமும் குறித்துவைக்கும் ஃப்ரேம்) போடும் கீழ்ப் பாதிதான் வேண்டும். பிளெண்டர் எந்தப் பதிப்பு? கீஃப்ரேம் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் போடுகிறீர்களா, இடைவெளி விட்டா? சுற்றுவது வியூபோர்ட்டில் (வேலை செய்யும் திரையில்) மட்டுமா, ரெண்டர் செய்து படமாக்கிய பிறகுமா?

குற்றாலச் சாரல் – வெள்ளி, காலை 12.10

இது கிம்பல் லாக், இரண்டு சுழற்சி அச்சுகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து சிக்கிக்கொள்வது. சந்தேகமே வேண்டாம். ஆய்லர் கோணம் (எக்ஸ், ஒய், இசட் அச்சுக்கு ஒவ்வொரு கோணம்) வைத்தாலே இந்தத் தொல்லை வரும். திசையை நான்கு எண்களால் சொல்லும் குவாட்டர்னியனுக்கு மாற்றுங்கள், முடிந்தது.

பாறசாலை செல்வி – வெள்ளி, காலை 12.21

ஸ்கிரிப்டே எதற்கு? ஒரு வளைகோடு வரைந்து, கேமரா அதன்மேல் போகும்படி ஃபாலோ பாத் போடுங்கள். பாலத்தின் நடுவில் ஒரு எம்ப்டி (படத்தில் தெரியாத குறிப்பொருள்) வைத்து, கேமரா அதையே பார்க்கும்படி ட்ராக் டு போடுங்கள். பத்து நிமிட வேலை. ஒன்று மட்டும் கவனம்: ஃபாலோ பாத் போடும் முன் கேமராவின் இடத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் கேமரா ஏற்கெனவே இருந்த தூரமும் சேர்ந்து கோட்டை விட்டு எங்கோ தள்ளி நிற்கும். நான் இதில் ஒரு நாள் முழுக்க இழந்திருக்கிறேன்.

முப்பரிமாணன் – வெள்ளி, காலை 6.05

2.49 பதிப்புக் காலத்திலிருந்து பிளெண்டரில் இருக்கிறேன். வாரம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். கையேட்டைத் திறந்து பார்த்துவிட்டு வந்திருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது. பைத்தானில் கோணம் ரேடியனில் போக வேண்டும். தம்பி டிகிரியை அப்படியே கொடுத்திருப்பார். அடிப்படை தெரியாமல் ஸ்கிரிப்டில் இறங்கினால் இப்படித்தான் ஆகும்.

வாளையார் மணி – வெள்ளி, காலை 6.40

டிகிரியை அப்படியே கொடுத்திருந்தால் முதல் ஃப்ரேமிலிருந்தே கேமரா கண்டபடி பார்த்திருக்கும். இவருக்குப் பாதி வழி வரை சரியாக வருகிறது, சுற்றிய பிறகும் சரியாக வருகிறது. அதனால் ரேடியன் காரணமாக இருக்க முடியாது. சாரல் சொன்ன கிம்பல் லாக்கும் இங்கே பொருந்தவில்லை. எக்ஸ், ஒய், இசட் வரிசையில் நடு அச்சான ஒய் 90 டிகிரியை நெருங்கும்போதுதான் அது வரும். தரையோடு நேராக நிற்கும் கேமராவுக்கு ஒய் ஏறக்குறைய பூஜ்யம்தான். தம்பி, கீழ்ப் பாதியை அனுப்புங்கள், ஊகத்தில் நேரம் போகிறது.

கொல்லம் வண்டி – வெள்ளி, காலை 7.15

கேமரா ஒருபுறம் இருக்கட்டும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தண்டவாளம் மீட்டர் கேஜ் அகலத்தில் இருக்கிறது. அங்கே இப்போது அகலப் பாதை. 1,000 மில்லிமீட்டருக்குப் பதில் 1,676 வைக்க வேண்டும். பாலம் இவ்வளவு அழகாக வந்திருக்கும்போது அதன்மேல் இப்படி ஒரு பிழை இருக்கக் கூடாது.

பாறசாலை செல்வி – வெள்ளி, காலை 7.32

1904இல் அந்தப் பாதை திறந்தது மீட்டர் கேஜாகத்தானே. பழைய காலத்தைக் காட்டுகிறாரோ என்னவோ. கேட்காமலே பிழை என்று சொல்வது சரியில்லை. கேரளப் பக்கம் அதைப் பதிமூணு கண்ணறைப் பாலம் என்பார்கள். அந்தச் சாலை வழியாக எத்தனையோ தடவை போயிருக்கிறேன். நெடுஞ்சாலையிலிருந்தே கண் கண்ணாக எண்ணிக்கொண்டு வரலாம்.

கொல்லம் வண்டி – வெள்ளி, காலை 7.50

பழைய காலம் என்றால் சாலையோரம் இந்தச் செல்போன் கோபுரம் எதற்கு? படத்தின் வலது மூலையில் பாருங்கள். ஒன்று கோபுரத்தை எடுக்க வேண்டும், அல்லது பாதையை மாற்ற வேண்டும். இரண்டும் ஒரே படத்தில் நிற்க முடியாது.

குற்றாலச் சாரல் – வெள்ளி, காலை 8.02

ஏன் முடியாது? மீட்டர் கேஜ் வண்டி 2010 வரை ஓடியது. அகலப் பாதை 2018இல்தான் வந்தது. 2010க்கு முன்பே செல்போன் கோபுரம் இருந்தது. அந்த வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து புனலூர் வரை போனவன் நான். என் கையிலேயே அப்போது செல்போன் இருந்தது.

கொல்லம் வண்டி – வெள்ளி, காலை 8.11

சரி, அது நான் யோசிக்காத கோணம். ஆனால் எந்த வருடம் என்று படம் போட்டவர் சொல்லியிருக்க வேண்டும்.

செங்கோட்டைத் தம்பி – வெள்ளி, காலை 9.30

மன்னிக்கவும், தூங்கிவிட்டேன். பதிப்பு 5.0. கீஃப்ரேம் 20 ஃப்ரேமுக்கு ஒன்று, 24 எஃப்பிஎஸ் (நொடிக்கு 24 ஃப்ரேம்). வியூபோர்ட்டிலும் சுற்றுகிறது, ரெண்டரிலும் சுற்றுகிறது.

செல்வி அக்கா, ஸ்கிரிப்ட்தான் வேண்டும். தாத்தா பேசுவதைப் பதிவு செய்து வைத்திருக்கிறேன். ஒவ்வொரு கண்ணைப் பற்றியும் அவர் பேசும் நேரம் வேறு வேறு. அந்த நேரங்கள் ஒரு பட்டியலில் இருக்கின்றன. ஒலியை வெட்டும்போதெல்லாம் பட்டியல் மாறுகிறது. கையால் கீஃப்ரேம் நகர்த்தி மாளவில்லை.

கேஜ் மீட்டர் கேஜ்தான், தெரிந்தேதான் வைத்தேன். தாத்தா அந்தப் பாதையில் கேங்மேனாக (தண்டவாளப் பராமரிப்பு வேலையில்) இருந்தவர். ஊர் நூலகத்தில் ஞாயிறு அன்று அவர் முன்னால்தான் ஓட்டப்போகிறேன். அவர் நடந்து பார்த்த பாதை அதுதான்.

ஸ்கிரிப்டின் கீழ்ப் பாதியை இணைத்திருக்கிறேன்.

வாளையார் மணி – வெள்ளி, காலை 10.04

இதை முதலிலேயே போட்டிருக்கலாம். டு ட்ராக் குவாட் வைத்துத் திசை எடுத்து, டு ஆய்லர் வைத்துக் கோணமாக்கி, அதைக் கீஃப்ரேமாகப் போடுகிறீர்கள். கணக்கு சரி. அந்த வரிக்குக் கீழே ஒரு பிரிண்ட் போட்டு, ஃப்ரேம் எண்ணையும் இசட் கோணத்தையும் டிகிரியில் எழுதவையுங்கள். சுற்றும் இடத்துக்கு முன்னும் பின்னும் என்ன வருகிறது?

செங்கோட்டைத் தம்பி – வெள்ளி, காலை 10.20

221இல் 171.4
241இல் −176.2
அதற்கு முன்னால் எல்லாம் மெதுவாக ஏறிக்கொண்டே வருகிறது. முதல் ஃப்ரேமில் 20.

வாளையார் மணி – வெள்ளி, காலை 10.41

அவ்வளவுதான், பிடித்துவிட்டோம்.

171.4இலிருந்து கேமரா திரும்ப வேண்டியது வெறும் 12.4 டிகிரி. அது 183.8. ஆனால் டு ஆய்லர் 180ஐத் தாண்டிய கோணத்தைத் தராது, மறுமுனைக்குப் போய் −176.2 என்று தரும். நின்று பார்க்கும் கேமராவுக்கு 183.8ம் −176.2ம் ஒரே திசைதான். இடையில் உள்ள 19 ஃப்ரேமை நிரப்பும் பிளெண்டருக்கு அது தெரியாது. அதற்கு இவை இரண்டு எண்கள். 171.4இலிருந்து −176.2 வரை இறங்க வேண்டும் என்றால் 347.6 டிகிரி பின்னோக்கிச் சுற்ற வேண்டும். 24 எஃப்பிஎஸ்ஸில் 20 ஃப்ரேம் என்பது ஒரு நொடிகூட இல்லை. அதனால்தான் சட்டென்று ஒரு சுற்று சுற்றிவிட்டு ஒன்றும் நடக்காதது போல் நிற்கிறது.

ஸ்கிரிப்டில் தப்பு தெரியாததற்கும் இதுதான் காரணம். ஒவ்வொரு கீஃப்ரேமும் தனித்தனியாகச் சரி. அடுத்தடுத்த இரண்டைச் சேர்த்துப் பார்த்தால்தான் பிழை தெரியும்.

மருந்து: டு ஆய்லருக்கு இரண்டு மதிப்புகள் கொடுக்கலாம். முதலாவது அச்சு வரிசை, எக்ஸ் ஒய் இசட். இரண்டாவது முந்தைய கீஃப்ரேமின் ஆய்லர். இரண்டாவதைக் கொடுத்தால் முந்தைய கோணத்துக்கு அருகில் இருக்கும் எண்ணைத் தேர்ந்தெடுத்துத் தரும்.

ஸ்கிரிப்டைத் தொடாமல் இப்போதைக்குச் சரிசெய்ய வேண்டும் என்றால் க்ராஃப் எடிட்டரில் மூன்று ரொட்டேஷன் கோடுகளையும் தேர்ந்தெடுத்து ஆய்லர் ஃபில்டர் போடலாம். ஆனால் உங்கள் பட்டியல் மாறும்போதெல்லாம் மறுபடி போட வேண்டியிருக்கும்.

குற்றாலச் சாரல் – வெள்ளி, காலை 10.55

நான் சொன்ன குவாட்டர்னியன் போட்டாலும் இது போய்விடும் அல்லவா? அதில்தான் 180 என்ற எல்லையே இல்லையே.

முப்பரிமாணன் – வெள்ளி, காலை 11.10

போகாது. அரைகுறையாகச் சொல்லி ஆளைக் குழப்ப வேண்டாம். ஒரே திசைக்கு இரண்டு குவாட்டர்னியன்கள் உண்டு, நான்கு எண்களின் குறியும் மாறியிருக்கும். பிளெண்டர் அந்த நான்கு எண்களையும் தனித்தனிக் கோடாகத்தான் நிரப்புகிறது. அடுத்தடுத்த கீஃப்ரேமில் குறி மாறினால் அங்கேயும் இதே குதிப்பு வரும். அதற்கும் மேக் கம்பேட்டிபிள் என்று ஒன்று போட வேண்டும். அதோடு ரொட்டேஷன் மோடை மாற்ற மறந்தால் போட்ட கீஃப்ரேம் எதுவும் வேலை செய்யாது. மணி சொன்ன வழி சரி. ரேடியன் விஷயத்தில் நான் அவசரப்பட்டேன்.

செங்கோட்டைத் தம்பி – வெள்ளி, பகல் 12.35

மணி அண்ணா, நீங்கள் சொன்னபடி போட்டேன். 221இல் சுற்றவில்லை. ஆனால் இப்போது 261க்கும் 281க்கும் நடுவில் சுற்றுகிறது!

வாளையார் மணி – வெள்ளி, பகல் 12.48

முந்தைய ஆய்லரை லூப்புக்கு (ஒவ்வொரு கீஃப்ரேமுக்கும் திரும்ப ஓடும் வரிகளுக்கு) வெளியே ஒரு தடவை வைத்துவிட்டு அப்படியே விட்டிருப்பீர்கள். முதல் ஃப்ரேம் 20 டிகிரி என்றீர்கள். அதோடு மட்டும் ஒப்பிட்டால் ஏறக்குறைய 200 வரை தாங்கும், அதற்கு மேல் மறுபடி குதிக்கும். லூப்பின் கடைசி வரியில் புதிய ஆய்லரை முந்தையதாக மாற்றிவிடுங்கள். ஒவ்வொரு கீஃப்ரேமும் தனக்கு முன்னால் இருப்பதைத்தான் பார்க்க வேண்டும்.

செங்கோட்டைத் தம்பி – வெள்ளி, மதியம் 1.15

ஆமாம், அதேதான். சுற்று நின்றுவிட்டது. ரொம்ப நன்றி அண்ணா. வேகம் மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. ஓரிடத்தில் ஓடுகிறது, ஓரிடத்தில் நகர்கிறது.

குற்றாலச் சாரல் – வெள்ளி, மதியம் 1.30

கீஃப்ரேம் பெசியரில் (இடையில் வேகம் ஏறி இறங்கும் வகை) இருக்கும், லீனியர் (ஒரே சீரான வகை) ஆக்குங்கள். ஆக்ஷனின் எஃப்கர்வ்ஸ் (அசைவுக் கோடுகள்) எல்லாவற்றிலும் ஒரு லூப் ஓட்டி இன்டர்போலேஷனை மாற்றினால் போதும்.

செங்கோட்டைத் தம்பி – வெள்ளி, மதியம் 1.44

ஆக்ஷனில் எஃப்கர்வ்ஸ் என்று எதுவும் இல்லை என்று பிழை வருகிறது.

வாளையார் மணி – வெள்ளி, மதியம் 2.05

5.0இல் அந்தப் பழைய வழியை எடுத்துவிட்டார்கள். பதிப்பை முதலிலேயே கேட்டது இதற்காகத்தான். க்ராஃப் எடிட்டரில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து டி (T) விசையை அழுத்தி லீனியர் கொடுங்கள். ஆனால் உங்கள் வேகக் கோளாறுக்குக் காரணம் அது மட்டும் இல்லை. வளைகோட்டின் ஒவ்வொரு துண்டிலும் 50 புள்ளி எடுக்கிறீர்கள். சாலையோரத் துண்டு நீளம், பாலத்தைச் சுற்றும் துண்டு குட்டை. இரண்டுக்கும் 50 புள்ளி என்றால் நீளத் துண்டில் ஓடும், குட்டைத் துண்டில் ஊரும். ஒரே துண்டுக்குள்கூடப் பெசியர் புள்ளிகள் சம தூரத்தில் விழுவதில்லை.

புள்ளிகளை எடுத்த பிறகு அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தைக் கூட்டிக்கொண்டே வந்து ஒரு பட்டியல் செய்யுங்கள். இந்த ஃப்ரேமில் கேமரா மொத்தத் தூரத்தில் எத்தனை மீட்டர் வந்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, அந்தத் தூரம் எந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் விழுகிறதோ அங்கே கேமராவை வையுங்கள். தாத்தா பேசும் இடங்களையும் ‘இத்தனையாவது மீட்டரில் இத்தனை நொடி’ என்று எழுதிக்கொள்ளலாம். ஒலியை எத்தனை தடவை வெட்டினாலும் பாதையைத் தொட வேண்டியிருக்காது.

பாறசாலை செல்வி – வெள்ளி, மதியம் 2.30

அந்தத் தூரக் கணக்கு வேண்டாம் என்றால், ஃபாலோ பாத்தில் ஃபிக்ஸ்ட் பொசிஷன் தேர்வு செய்து, ஆஃப்செட்டை (பாதையில் எவ்வளவு வந்தாயிற்று என்ற எண்ணை) 0 முதல் 1 வரை உங்கள் ஸ்கிரிப்டே கீஃப்ரேமாகப் போடலாம் தம்பி. நேரப் பட்டியல் உங்கள் கையிலேயே இருக்கும், பாதையை பிளெண்டர் பார்த்துக்கொள்ளும். எது முடிகிறதோ செய்யுங்கள். தாத்தாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

கொல்லம் வண்டி – வெள்ளி, மாலை 6.20

தம்பி, காலையில் பிழை என்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். தண்டவாளத்தை மாற்ற வேண்டாம். படம் முடிந்ததும் இங்கே ஒரு சுட்டி போடுங்கள்.

முப்பரிமாணன் – ஞாயிறு, பகல் 11.00

என்ன ஆயிற்று? கேள்வி கேட்டவர்கள் விடை கிடைத்ததும் காணாமல் போவது இங்கே வழக்கமாகிவிட்டது. அடுத்தவருக்குப் பயன்படும்படி எது வேலை செய்தது என்று எழுதிவிட்டுப் போகலாம்.

செங்கோட்டைத் தம்பி – ஞாயிறு, இரவு 9.50

இரண்டு நாளும் ரெண்டரிலேயே போய்விட்டது, மன்னிக்கவும். முந்தைய ஆய்லரை லூப்புக்குள் மாற்றியதும் சுற்று நின்றது. வேகத்துக்குச் செல்வி அக்கா சொன்ன ஆஃப்செட் வழி. இன்று ஓட்டியாயிற்று. தாத்தா இரண்டு தடவை பார்த்தார். மலை ஏறும் வண்டிக்குப் பின்னால் தள்ளுகிற எஞ்சின் எங்கே என்று கேட்டார். அதைச் செய்துகொண்டிருக்கிறேன்.