மறுமொழி: அக்ரோபாக்டீரியத்துக்குத் தமிழ்ப்பெயர் – கழலையை எதன்மேல் ஏற்றுவது?

நண்பர்களுக்கு வணக்கம். செடிகளில் வரும் கழலை (கட்டி) நோயோடு தொடர்புள்ள மண்வாழ் பாக்டீரியம் அக்ரோபாக்டீரியம். அதற்கும் அந்த நோய்க்கும் தமிழ்ப்பெயர் தேடும் நம் உரையாடலில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> "மகுடக் கழலை" என்று நோய்க்கும் "கழலையாக்கி" என்று பாக்டீரியத்துக்கும் வைத்துவிடலாம். சுருக்கமாக இருக்கிறது.

சுருக்கம் எனக்கும் பிடிக்கும். ஆனாலும் இந்த இரண்டு சொல்லும் வேண்டாம் என்று வலியுறுத்தவே எழுதுகிறேன்.

முதலில் மகுடம். ஆங்கிலத்தில் 'கிரௌன் கால்' என்னும்போது கிரௌன் என்பது தலையில் சூடும் முடி அல்ல; தண்டும் வேரும் சேருகிற, மண்மட்டத்தை ஒட்டிய பகுதி. மகுடக் கழலை என்று படிக்கும் மாணவர் செடியின் உச்சியில் கட்டியைத் தேடுவார். அந்த இடத்துக்கு உழவர் வாயில் நல்ல சொல் இருக்கிறது: தூர். நெல் தூர் கட்டுகிறது, செடியைத் தூரோடு பிடுங்குகிறோம், 'தூர் அழுகல்' என்று நோய்ப்பெயரே வழங்குகிறது. எனவே தூர்க்கழலை. குளத்தைத் தூர் வாருவதோடு குழம்பும் என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். பக்கத்தில் கழலை வந்தபின் சேறு யாருக்கும் நினைவுக்கு வராது. கழலை சில சமயம் தண்டின் மேற்பகுதியிலும் வேரிலும் வரும் என்பது உண்மைதான். ஆங்கிலப் பெயருக்கும் அதே குறை உண்டு. ரோஜா, திராட்சை, பீச் செடிகளில் பெரும்பாலும் தூரில்தான் அது முண்டு முண்டாகக் கிளம்புகிறது.

இனி முக்கியமான சிக்கல், கழலையாக்கி. இது நோயைப் பாக்டீரியத்தின் இயல்பாகவே சொல்லிவிடுகிறது. இந்தத் துறையின் வரலாறு முழுவதும் அதற்கு எதிராகத்தான் நடந்திருக்கிறது.

1907இல் அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த எர்வின் ஸ்மித்தும் டவுன்சென்டும் டெய்சிச் செடியின் கழலைக்கு ஒரு பாக்டீரியமே காரணம் என்று காட்டினார்கள். அப்போது யாராவது கழலையாக்கி என்று பெயர் வைத்திருந்தால் பொருந்தியிருக்கும். 1940களில் ஆர்மின் பிரவுன் நித்தியகல்யாணிச் செடியில் கழலையை வரவழைத்து, பிறகு வெப்பத்தால் பாக்டீரியத்தை மட்டும் கொன்றார். கழலை நிற்கவில்லை, வளர்ந்துகொண்டே இருந்தது. பாக்டீரியம் செடிக்குள் எதையோ விட்டுவிட்டுப் போயிருக்கிறது என்பது அன்றே தெரிந்தது. அது எது என்று தெரியத்தான் முப்பது ஆண்டுகள் பிடித்தன. 1974இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் ஷெல், வான் மொன்டாகு குழுவினர் நோய் உண்டாக்கும் வகைகளில் மட்டும் ஒரு பெரிய பிளாஸ்மிட் (பாக்டீரியத்தின் முதன்மை மரபுப்பொருளுக்கு வெளியே தனியாக இருக்கும் டி.என்.ஏ. வளையம்) இருப்பதைக் கண்டார்கள். 1977இல் சியாட்டிலில் மேரி-டெல் சில்டனும் உடனிருந்தவர்களும் அந்தப் பிளாஸ்மிடின் ஒரு சிறு துண்டு கழலைத் திசுவின் டி.என்.ஏ.வில் இருப்பதைக் காட்டினார்கள். ஆக்சின், சைட்டோகைனின் என்ற இரு வளர்ச்சி ஹார்மோன்களைச் சுரக்கவைக்கும் மரபணுக்கள் அந்தத் துண்டில்தான் இருக்கின்றன. செடி தன் ஹார்மோனைத் தானே மிகையாகச் சுரந்து வீங்குகிறது.

ஆக, கழலை பிளாஸ்மிடின் சொத்து. சி58 என்ற வகையை 37 டிகிரி வெப்பத்தில் வளர்த்தால் பிளாஸ்மிடை இழந்துவிடும். அதன்பின் மண்ணில் வாழும் பல்லாயிரம் நுண்ணுயிர்களில் அதுவும் ஒன்று, யாருக்கும் நோய் தராது. இன்னும் ஒரு படி மேலே போய், ஆஸ்திரேலியாவில் ஆலன் கெர் கண்டறிந்த கே84 என்ற வகை தூர்க்கழலையைத் தடுக்கவே பயன்படுகிறது. நாற்றின் வேரை அதன் கரைசலில் நனைத்து நடுகிறார்கள். கழலையைத் தடுக்கும் உயிரியையும் கழலையாக்கி என்று சொல்வோமா?

பொதுமக்களுக்கான கட்டுரையில் இந்தப் பெயர் தீங்கே செய்யும். செடிக்குள் டி.என்.ஏ.வைச் சேர்க்கும் இந்தத் திறனுக்காகவே பயிர்களின் மரபணு மாற்றத்துக்கு இந்தப் பாக்டீரியத்தைப் பயன்படுத்துகிறார்கள். அதற்கு எடுக்கும் வகைகளில் கழலை மரபணுக்களை வெட்டி நீக்கிவிட்டு, அந்த இடத்தில் தேவையான மரபணுவை வைக்கிறார்கள். செடிக்குள் போகும் துண்டின் இரு முனையிலும் உள்ள, 25 டி.என்.ஏ. எழுத்து நீளமுள்ள எல்லைக்குறிகள் இருந்தால் போதும். நடுவில் இருப்பது எதுவானாலும் பாக்டீரியம் செடிக்குள் கொண்டுசேர்க்கும். 1983இல் முதல் மரபணு மாற்றச் செடிகள் வந்தது இப்படித்தான். "கழலையாக்கியைக் கொண்டு பருத்தியில் மரபணு புகுத்தினார்கள்" என்று எழுதினால், பருத்தியில் கழலை வருமா என்றுதான் வாசகர் கேட்பார். மரபணு மாற்றப் பயிர் வேண்டும், வேண்டாம் என்ற வாதம் நியாயமாக நடக்கவேண்டும். ஒரு கலைச்சொல் அதற்குள் பொய்யான அச்சத்தை நுழைக்கக் கூடாது.

என் பரிந்துரை: பேரினத்தை அக்ரோபாக்டீரியம் என்றே விடுவோம். 'வயல்நுண்ணுயிரி' என்ற மொழிபெயர்ப்பு அழகுதான், ஆனால் வயலில் உள்ள எல்லா நுண்ணுயிரிக்கும் அது பொருந்திவிடும். நோய் தரும் வகையைச் சுட்டும்போது மட்டும் தூர்க்கழலைப் பாக்டீரியம். மேலே சொன்ன, ஆங்கிலத்தில் டிஐ (Ti) என்று சுருக்கி வழங்கும் பிளாஸ்மிடைக் 'கழலைதூண்டு பிளாஸ்மிட்' எனலாம். கழலை நியாயமாகச் சேரவேண்டிய இடம் அதுவே.

மீதமிருப்பது செடிக்குள் போகும் துண்டு. ஆங்கிலத்தில் அதற்கு T-DNA என்று பெயர். அதன் முன்னெழுத்து 'மாற்றிச் சேர்த்தல்' என்பதைக் குறிக்கிறது, கழலையை அல்ல. தமிழில் எழுதும்போது 'டி-டி.என்.ஏ.' என்று இரண்டு டியும் ஒன்றாகிவிடுவதால் நமக்குத் தனிச்சொல் கட்டாயம் தேவை. 'தாவும் துண்டு' வேண்டாம்; தாவும் மரபணுக்கள் தாமே இடம் மாறுபவை, இதையோ பிளாஸ்மிடில் வேறிடத்தில் உள்ள மரபணுக்களின் புரதங்கள் சுமந்துபோகின்றன. நான் 'புகுதுண்டு' என்கிறேன். வினைத்தொகை, ஆகவே வல்லினம் மிகாது. புகுமுக வகுப்பு என்று சொல்லிப் பழகிய வாய்க்கு உறுத்தாது. முக்காலமும் அடங்குவதும் இங்கே பொருந்துகிறது: 2015இல் வெளிவந்த ஆய்வில், சோதித்த 291 பயிர்ச் சர்க்கரைவள்ளி வகைகளிலும் இந்தப் பாக்டீரியத்தின் துண்டு இருந்தது. மனிதர் கை படாமல் என்றோ புகுந்தது. இன்று நாம் அவித்துத் தின்கிற கிழங்கில் அது இருக்கிறது.

கழலைத் திசு உண்டாக்கி, பாக்டீரியம் உணவாகக் கொள்ளும் ஓப்பைன் என்ற சேர்மத்தின் பெயரை அப்படியே விடலாம். உறவுக்கார இனம் உண்டாக்கும் அடர்ந்த வேர்நோய்க்கு ஒருவர் 'மயிர்வேர்' என்று எழுதியிருந்தார். பாடநூலின் வேர்த்தூவியோடு அது மோதுகிறது. 'சடைவேர்' எப்படி? தாவரவியல் கற்பிக்கும் அம்மையார் இங்கே இருக்கிறார். புகுதுண்டு, சடைவேர் இரண்டையும் வகுப்பில் சொல்லிப் பார்த்து, மாணவர்கள் என்ன புரிந்துகொள்கிறார்கள் என்று எழுதினால் பட்டியலில் சேர்த்துவிடலாம்.

அன்புடன்