கடல்நீரின் அடர்த்தி: முக்கிய எண்ணுருக்களைப் பற்றி ஓர் ஐயம்

குழுவிலுள்ள இயற்பியல் ஆசிரியர்களுக்கு வணக்கம். மண்டபம் பகுதியில் பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு மாலை நேரத்தில் பாடம் நடத்தி வருகிறேன். முக்கிய எண்ணுருக்களை (ஓர் அளவீட்டில் பொருளுள்ள இலக்கங்களை) புத்தகக் கணக்கோடு நிறுத்திவிடாமல், எங்கள் கரைக் கடல்நீரையே எடுத்து அளக்கச் சொன்னேன்.

அளவுசாடியில் 50.0 மில்லிலிட்டர் கோடு வரை நிரப்பி எடையிட்டபோது கடல்நீர் 51.12 கிராமும், அதே கோடு வரை நிரப்பிய வாலைவடிநீர் 49.81 கிராமும் இருந்தன. கன அளவில் மூன்று முக்கிய எண்ணுருக்களே உள்ளதால், வகுத்தல் விதிப்படி அடர்த்திகள் 1.02, 0.996 என்றாகின்றன. இவற்றைக் கழித்தால், தசமத்திற்குப் பின் இரண்டு இடங்களே நிற்கும் என்பதால், விடை 0.02. ஒரே ஒரு முக்கிய எண்ணுரு!

ஆனால் ஒரு மாணவி முதலில் நிறைகளைக் கழித்து 1.31 கிராம் எனக் கண்டு, பிறகு 50.0 ஆல் வகுத்து 0.0262 என்று எழுதியிருக்கிறாள். இரண்டுமே விதிப்படி செய்தவைதான். ஒரே சாடி, ஒரே கோடு என்பதால் கன அளவின் பிழை இரண்டு அடர்த்திகளையும் ஒரே திசையில் நகர்த்துகிறது. ஆகவே அவள் வழியே மேல் என்பது என் எண்ணம்.

இது சரிதானா? இடைப்படிகளில் முழுமையாக்காமல் (தசம இடங்களைக் குறைத்து எழுதாமல்) கடைசியில் மட்டும் முழுமையாக்கினால் பொதுத்தேர்வில் மதிப்பெண் குறையுமா? அடுத்து பாக் விரிகுடா நீரையும் மன்னார் வளைகுடா நீரையும் ஒப்பிட விரும்புகிறோம். அங்கே வேறுபாடு இன்னும் சிறிதாகவே இருக்கும். அதற்கு அடர்த்திக் குப்பி போதுமா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் தெரிவித்து உதவுங்கள்.